சேம அச்சு

பண்டைத் தமிழகத்தில் உப்பு வாணிகர் உமணர் எனப்பட்டனர். அவர்கள் கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழிகளைக் கடந்து உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். வழியிடையே வண்டியின் அச்சு முறிந்தால் என் செய்வது? அதனை முன்னரே எண்ணிய உமணர், வண்டியின் அடியில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். இச்செய்தியைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது.

உமணர் வண்டிகள் சென்ற வழிகளில் இன்று லாரிகள் செல்கின்றன. கொங்கு நாட்டைச் சேர்ந்த நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் அங்கு மிகுதி. அவ்வட்டாரத்து லாரிகள் வடநாட்டின் கோடிவரை சரக்குச் சுமந்து செல்கின்றன. ஒவ்வொரு லாரியிலும் ஸ்டெப்னி எனப்படும் சேமச் சக்கரம் ஒன்று உண்டு. ஆனால், லாரியின் நெஞ்சம் போன்ற எஞ்சினுக்குச் சேமம் ஏது? அரை டன்னை ஒட்டிய எடையுள்ள பொறியை ஒருவரும் உடன் கட்டிச் செல்வதில்லை. ஆகவே, பொறி தளர்ந்தபோது வேறொன்று வாங்குதல் வேண்டும். அன்றேல், உள்ளதனைப் பிரித்துப் புதுக்குதல் வேண்டும்.

நாமக்கல்லை அடுத்த சிற்றூரில், என் அண்டை வீட்டு முற்றத்தில், அத்தகைய வேலை ஒன்று நடைபெற்றது. தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான், நாள்தோறும் அங்குச் சென்று அமர்ந்து அதனைக் கண்டேன். முதுமையில் எனக்குக் கிடைத்த புதிய பள்ளி அது. அங்குக் கற்றவற்றை உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

பொறியைப் புதுக்கும் முறையை அறியுமுன், அஃது இயங்கும் முறையை அறிதல் நன்று. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் அது சூடேறும். இவ்வெளிய உண்மையே டீசல் பொறியின் அடிப்படை. இவ்வுண்மையைக் கொண்டு பொறி ஒன்றனை அமைக்க முயன்றவர் ருடால்பு டீசல் என்னும் செர்மானியப் பொறிஞர். அவர் 1858ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பிறந்தவர். 1893ஆம் ஆண்டில் ஆக்சுபர்க்கு நகரில் அவர் அமைத்த முதற்பொறி கருதியவாறு இயங்கவில்லை. அவர் மனம் தளராது மீண்டும் மீண்டும் திருத்தி அமைத்தார். 1897ஆம் ஆண்டில் அப்பொறி வெற்றியுடன் ஓடிற்று. எரிபொருள் தந்த வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 26 பங்கினை அது வேலையாக மாற்றியது. 1920ஆம் ஆண்டுகளில் அப்பொறி லாரியிலும் இடம் பெற்றது. அவர் பெயரே பொறிக்கும், அதில் எரியும் எண்ணெய்க்கும் வழங்கலாயிற்று.

பொறியினுள் உருளைகள் உள்ளன. ஒவ்வோர் உருளையிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகின்றது. அது முதலில் கீழிறங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அடுத்து மேலேறி, அக்காற்றை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கும். அப்போது காற்றின் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடுக்கு மேல் உயரும். அவ்வேளையில் நாசில் என்னும் நுண்துளை வாயின் வழியாக டீசல் எண்ணெய் பனித்திவலைபோல் பீச்சப்படும். அதற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்றின் சூடே எண்ணெயைப் பற்றவைக்கும். எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ள, பிஸ்டனோடு இணைந்த ராடு கிராங்குத் தண்டினைச் சுழற்றும். பிஸ்டன் மீண்டும் மேலேறிப் புகையை வெளியே தள்ளும். இழுத்தல், நெருக்கல், எரிதல், நீக்கல் ஆகிய நான்கும் சேர்ந்தது ஒரு சுற்று. கிராங்கு நிமிடத்திற்கு 1500 முறை சுழலுமாயின், ஆறு உருளையுள்ள பொறியில் நிமிடத்திற்கு 4500 முறை எண்ணெய் பற்றி எரிகின்றது. இவ்வேகத்தையும் வெப்பத்தையும் பல்லாண்டு தாங்கிய இரும்பு தேய்வதில் வியப்பு யாது?

தேய்மானத்தைப் பொறி தானே அறிவிக்கும். பிஸ்டனைச் சுற்றி ரிங் எனப்படும் வளையங்கள் உள்ளன. மேல்வளையங்கள் காற்றுக் கசியாமல் காக்கும். கீழ்வளையம் உருளைச் சுவரிலுள்ள மசகெண்ணெயை வழித்துவிடும். வளையங்களும், உருளையின் உட்புறத்தில் பொருத்தப்பட்ட லைனரும் தேய்ந்தால், காற்று வேண்டிய அளவு நெருக்குறாது. அதனால் காலையில் பொறி எளிதில் எழாது. மசகெண்ணெய் மேலேறி எரியும். புகை நீலநிறமாக வரும். எரிபொருள் மிகுந்து காற்றுக் குறைந்தால் புகை கறுக்கும். நோயாளியின் நாடி பார்க்கும் மருத்துவர்போல, தேர்ந்த மெக்கானிக் புகையைப் பார்த்தே நோயை அறிவார்.

அண்டை வீட்டாரின் லாரியும் நீலப்புகை கக்கிற்று. அதன் உரிமையாளரே அதன் ஓட்டுநர். அக்குடும்பத்திற்கு வேறு வருவாய் இல்லை. வண்டி நின்றாலும், கடன் தவணை நிற்பதில்லை. வேறு பொறி வாங்கப் பொருள் இல்லை. பெரிய பட்டறையில் விடவும் வழியில்லை. அந்நிலையில் ஓட்டுநரின் மாமனார் கைகொடுக்க வந்தார். அவர் நாற்பது ஆண்டுகள் லாரிப் பட்டறைகளில் வேலை செய்தவர். "இந்த எஞ்சினை வீட்டிலேயே இறக்கி வேலை பார்த்துவிடலாம். உதிரி உருப்படிகளுக்கு மட்டும் பணம் தேடுங்கள்" என்றார் அவர். அவர் மகள் தம் கைவளையல் இரண்டினையும் கழற்றி அடகு வைத்தார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, விடுமுறையில் இருந்த பேரன் கையாளாக அமர்ந்தான். தாயின் தந்தையைக் கொங்கு நாட்டார் அப்புச்சி என்று அழைப்பர். ஆகவே, அப்பெரியவரை நாமும் அப்புச்சி என்றே குறிப்போம்.

அப்புச்சி முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. பொறியின் மேலிருந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முற்றக் கழுவச் செய்தார். வெளியிலுள்ள மண்ணில் ஒரு துகள் உள்ளே சென்றாலும் பின்னர் அரம்போல் அராவும் என்பது அவர் கூறிய காரணம். பின்பு பேட்டரி இணைப்பினைக் கழற்றினார்; நீரையும் மசகெண்ணெயையும் வடித்தார். கழிவெண்ணெயை நிலத்தில் சிந்தவிடாது தகரக் கலத்தில் சேர்த்தார். வாடகைக்கு வாங்கிய இரும்பு முக்காலியில் செயின் பிளாக்கு மாட்டிப் பொறியைத் தூக்கினார். "தொங்கும் சுமைக்குக் கீழே கையும் கூடாது, காலும் கூடாது" என்று அனைவரையும் விலக்கி நிறுத்தினார். முற்றத்து வேம்பின் கிளையில் மாட்டலாமே என்று ஒருவர் கூறியபோது, "மரத்தை நம்பி அரை டன்னைத் தொங்கவிடுவதா?" என்று மறுத்துவிட்டார்.

பின்னர் பிரித்தல் தொடங்கிற்று. நாசில்களும் குழாய்களும் முதலில் வந்தன. அடுத்து, உருளைகளுக்கு மேல்மூடியாக விளங்கும் ஹெட் வந்தது. அதன்பின் அடிச்சட்டியைக் கழற்றி, பிஸ்டன்களை ராடுகளோடு மேல்வழியாக எடுத்தனர். இறுதியாகக் கிராங்குத் தண்டு வெளிப்பட்டது. போல்ட்டும் நட்டும் தனித்தனித் தகரக் குவளைகளில் இடப்பட்டன. எவ்வுருளைக்கு உரியது எது, எப்பக்கம் முன்பக்கம் என்பவை உருப்படிதோறும் குறிக்கப்பட்டன. "குறி போட்ட பிறகுதான் கழுவ வேண்டும், கண்ணு" என்று அப்புச்சி பேரனுக்குக் கூறினார்.

இதனைக் கண்டபோது என் வகுப்பறை எனக்கு நினைவு வந்தது. நடந்தனன் என்னும் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என ஆறு உறுப்பாகப் பிரிக்கக் கற்பிக்கின்றோம். பிரிக்கத் தெரிந்தவன் சொல்லின் பொருளை அறிவான். ஆனால், ஒவ்வோர் உறுப்பும் தன்னிடத்தில் நின்றால்தான் அது சொல்லாகும். இடம் மாறினால் வெறும் ஒலியாகும். பொறிக்கும் இவ்விதி பொருந்தும் என்பதைப் பின்னர் நிகழ்ந்தது காட்டிற்று.

பிரித்த உருப்படிகள் மண்ணெண்ணெயில் கழுவப்பட்டன. அதன்பின் அளவெடுத்தல் தொடங்கிற்று. அப்புச்சி லைனரின் மேல்விளிம்பை நகத்தால் தடவிக் காட்டினார். அங்கு ஒரு படி தட்டுப்பட்டது. வளையங்கள் எட்டாத இடம் தேயாமல் நிற்க, அதற்குக் கீழே உள்ள இடம் தேய்ந்தமையால் அப்படி உண்டாயிற்று. வெப்பமும் அழுத்தமும் மேற்பகுதியில் மிகுதி. ஆதலால் தேய்மானமும் அங்கே மிகுதி. நகம் கண்டதை மைக்ரோமீட்டர் என்னும் நுண்ணளவி எண்ணாகக் கூறிற்று. புதிய லைனர்களும் பிஸ்டன்களும் வளையங்களும் வாங்க வேண்டுமென முடிவாயிற்று.

எல்லா வேலையும் வீட்டில் செய்யத்தக்கன அல்ல. இதனை அப்புச்சி நன்கு அறிந்திருந்தார். கிராங்குத் தண்டினைச் சாணை பிடிக்க லேத்துப் பட்டறைக்கு அனுப்பினார். அங்கு அதன் கழுத்துகள் கால் மில்லிமீட்டர் குறைத்துத் தேய்க்கப்பட்டன. அக்குறைவினை நிரப்பும் அளவுக்குத் தடித்த பேரிங்குகள் வாங்கப்பட்டன. ஹெட்டின் தளத்தைச் சமன் செய்தலும், டீசல் பம்பினையும் நாசில்களையும் அளவு பார்த்தலும் அவற்றிற்குரிய கருவிகள் உள்ள இடங்களிலேயே நடைபெற்றன. தம்மால் இயலாததை இயலாது என்று ஒப்புக்கொள்வதும் தொழிலறிவின் ஒரு கூறன்றோ?

உருப்படிகள் திரும்பி வந்தபின், கூட்டும் வேலை தொடங்கிற்று. முதலில் கிராங்குத் தண்டு கிடத்தப்பட்டது. ஆறு உருளையுள்ள அப்பொறியில் அத்தண்டினைத் தாங்கும் இடங்கள் ஏழு. ஒவ்வோரிடத்திலும் பேரிங்கின் ஒரு பாதி கீழும், ஒரு பாதி மூடியிலும் அமையும். தண்டிற்கும் பேரிங்கிற்கும் இடையே ஒரு தலைமயிரின் தடிப்பளவே இடைவெளி இருக்கும். அவ்விடைவெளியில் மசகெண்ணெய் நின்று, இரும்பை இரும்பு தீண்டாமல் காக்கின்றது. அப்புச்சி ஒவ்வொரு மூடியையும் முறுக்கியபின், தண்டினைக் கையால் சுழற்றிப் பார்த்தார். முதல் மூடிக்கும் இரண்டாம் மூடிக்கும் தண்டு தடையின்றிச் சுழன்றது. மூன்றாம் மூடியை முறுக்கியதும் அஃது அசையவில்லை. மூடியைத் தளர்த்தினால் சுழன்றது, முறுக்கினால் நின்றது.

அப்புச்சி ஒன்றும் பேசாமல் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி நோக்கினார். லேத்துப் பட்டறையார் பிழை செய்தனரோ, பேரிங்கின் அளவு தவறோ என்று ஓட்டுநர் கலங்கினார். அவர் மனைவி வாயிற்படியில் வந்து நின்றார். அவருடைய வெறுங்கைகள் என் கண்ணில் பட்டன. அப்போது பேரன் எழுந்தான்.

"அப்புச்சி, குறி போட்ட பிறகு கழுவச் சொன்னீர்கள். இரண்டு மூடிகளை மட்டும் நான் முன்னால் கழுவிவிட்டேன். பிறகு எது எது என்று தெரியவில்லை. ஊகித்துக் குறி போட்டேன்" என்றான். அவன் குரல் தழுதழுத்தது.

"எந்த இரண்டு?"

"மூன்றும் ஐந்தும்."

அப்புச்சி இரு மூடிகளையும் இடம் மாற்றினார். மூன்றாம் இடத்தில் புதிய குறியோடு பழைய மூடி அமர்ந்தது. முறுக்கினார். தண்டு வழுக்கிக்கொண்டு சுழன்றது.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் அம்மூடிகளில் என்ன வேறுபாடு? பொறியை முதலில் ஆக்கும்போதே, மூடிகளை அவ்வவ்விடத்தில் முறுக்கி வைத்து, ஏழு துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைந்தெடுக்கின்றனர். ஆதலால், ஒவ்வொரு மூடியும் தன் இடத்திற்கே உரியது. திருப்பி வைத்தாலும் பொருந்தாது. பொருந்தாத மூடியை வலிந்து முறுக்கிப் பொறியை ஓட்டியிருந்தால், மசகெண்ணெய் நிற்க இடமின்றிப் பேரிங்கு உருகியிருக்கும்; சாணை பிடித்த தண்டும் கெட்டிருக்கும்; வளையல்களும் போயிருக்கும்.

அப்புச்சி பேரனைக் கடியவில்லை. "கழுவியது பிழைதான். இப்போது சொன்னாயே, எஞ்சின் பிழைத்தது. அடுத்த மூடியை எடு, கண்ணு" என்றார். பிழைத்தல் என்னும் சொல்லுக்குத் தவறுதல் என்றும், உயிர் தப்புதல் என்றும் இரு பொருள் உண்டு. நாற்பதாண்டு காலம் அவற்றை நான் கரும்பலகையில் எழுதியவன். இரண்டினையும் ஒருசேரக் கண்டது அன்றுதான்.

வேலை மேலும் தொடர்ந்தது. லைனர்கள் இறக்கப்பட்டன. வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வெளியை அப்புச்சி பீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகட்டளவியால் பார்த்தார். வெப்பத்தால் வளையம் நீளும். அதற்கு வெளி இல்லையேல் அது முறிந்துவிடும். ஒரு வளையத்தின் வாய்க்கு நேரே மற்றொன்றின் வாய் வாராமல் திருப்பி வைத்தார். பிஸ்டன்கள் மசகெண்ணெய் பூசப்பெற்று உருளைகளில் இறங்கின. பல்சக்கரங்களின் குறிகள் ஒன்றோடொன்று நேராக வைக்கப்பட்டன. ஒரு பல் மாறினாலும் வால்வு திறக்கும் காலம் தவறும். வால்வும் பிஸ்டனும் மோதவும் கூடும். பின்னர் ஹெட் அமர்ந்தது. அதன் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, மூன்று சுற்றாக, முறுக்கின் அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினார். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் ஹெட் கோணி, கேஸ்கெட்டு ஒழுகும் என்றார்.

பொறி மீண்டும் லாரியில் ஏறிற்று. அதன் பிறகும் அப்புச்சி விரையவில்லை. புதிய மசகெண்ணெய் வார்த்து, டீசல் செல்லாதவாறு நிறுத்தி, மசகெண்ணெய் அழுத்தமானியின் முள் உயரும்வரை பொறியைச் சிறிது சிறிதாகச் சுழலச் செய்தார். அதனால், பொறி தானே ஓடுமுன் பேரிங்குகள் எல்லாம் எண்ணெய் பெற்றன. பின்னர் டீசல் குழாய்களில் அடைபட்ட காற்றினை வெளியேற்றினார். பேரன் ஆவலோடு கையை நாசில் அருகே நீட்டினான். அப்புச்சி அதனைப் பற்றி விலக்கினார். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுள் புகும் வலிமை உடையது. புண் சிறிதாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய பெருந்தீங்கு அது.

அந்தி வேளையில் ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். பொறி இருமுறை முனகி ஓய்ந்தது. மூன்றாம் முறை ஓர் உருளை பற்றிற்று, அடுத்து மற்றொன்று, பின்னர் ஆறும் ஒரே சீராக ஒலித்தன. முதலில் வெண்புகை வந்தது. சிறிது நேரத்தில் புகையே தெரியவில்லை. அப்புச்சி ஒலியைச் செவிமடுத்து நின்றார்; பின்பு எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துத் தலையசைத்தார். வாயிற்படியில் நின்ற அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார். புதிய வளையங்களும் லைனர்களும் ஒன்றோடொன்று இழைந்து பழகும்வரை, பெருஞ்சுமையின்றி அளவாக ஓட்ட வேண்டும் என்று அப்புச்சி மருமகனுக்கு அறிவுறுத்தினார். சில திங்களில் வளையல்கள் மீட்கப்பட்டதை அண்டை வீட்டானாகிய நான் அறிவேன்.

அந்த லாரி பழைய அமைப்பினது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய புகைக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இன்றைய லாரிகளில் எண்ணெய் பீச்சும் காலத்தையும் அளவையும் மின்னணுக் கருவிகள் ஆளுகின்றன. அவற்றின் பழுதறியக் கணினி வேண்டும். எனினும், உள்ளே ஓடுவன அப்பிஸ்டனும் வளையமும் பேரிங்குமே. அவை வேண்டுவனவும் அத்தூய்மையும் அவ்வளவும் அவ்வொழுங்குமே.

மாணவர்களே! கைத்தொழிலைக் கல்வியினின்று வேறென எண்ணாதீர்கள். கருவியைப் பற்றும் கைக்கு அறிவு வேண்டும்; பிழை நேர்ந்தால் அதனை ஒளிக்காமல் கூறும் நெஞ்சும் வேண்டும். அன்று பேரன் வாய் திறவாதிருந்தால், அப்புச்சியின் நாற்பதாண்டு அனுபவமும் அப்பொறியைக் காத்திருக்குமோ? உமணர் சேம அச்சினை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். அப்புச்சியோ தம் சேம அச்சினைப் பேரனின் கையில் கொடுத்துச் சென்றார். அவன் இன்று தொழிற்பயிற்சிப் பள்ளியில் டீசல் மெக்கானிக் பயிற்சி பெறுகின்றான். குறி போடாத எதனையும் அவன் கழுவுவதில்லை.